நாற்பது பாப்லரும் ஒரே மரமாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். அங்கும் அப்படியே என்று எண்ணிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் நாற்பது இடங்களிலிருந்து வந்த நாற்பது பாப்லர் கன்றுகளை ஏழு வருடமாக மரமாக்கியவன் நான். ஒரு நாள்கூடக் கண் மறைவில் விட்டதில்லை. இப்போது புதிதாக ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருக்கிறாள். இலைக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் மரபணுக்களின் எழுத்துவரிசையைப் படித்து, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் இருபது இடங்களைப் பிடித்தாளாம். எத்தனை தரம் வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறுமாம், அதுதான் அங்க அடையாளமாம். அதை வைத்துப் பார்த்தால் என் நாற்பதும் ஒரே மரமாம்! திங்கட்கிழமை இயக்குநர் முன் விசாரணை. பதில் சொல்லத் தெரியாவிட்டால் என் வேலைக்கு உலை.

இது சதி, மச்சான். முதலில் இலை பறிக்கிறவன் சோம்பலில் ஒரே மரத்தில் பறித்துவிட்டான் என்று நினைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு நாள் பதுங்கிப் பார்த்தேன். எண்ணைச் சத்தமாகப் படித்துப் படித்து மரம் மரமாகப் பறிக்கிறான், அதனால் நான் பார்ப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு எழுத்துவரிசை படிக்கும் அவளுடைய இயந்திரத்தைச் சோதிக்க, இலைப் பை ஒன்றில் பாப்லருக்குப் பதில் ரோஜா இலையை நறுக்கிப் போட்டேன். மறுநாளே வந்து நின்றாள்.

"ஐயா, முப்பத்தோராம் பையில இருக்கறது பாப்லரே இல்லையே. யாராவது மாத்திட்டாங்களா?"

"காலம் கெட்டுக் கிடக்கு, யாரைம்மா நம்பறது" என்றேன். ஆக, இயந்திரம் ஒழுங்கு. அப்படியானால் இவள்தான் ஒழுங்கில்லை. தினமும் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று வேறு கேட்கிறாள். மனசில் ஒன்றும் இல்லாதவள் ஏன் கேட்க வேண்டும்? கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் நீங்கள், திங்கட்கிழமை வந்து எனக்காக நாலு வார்த்தை சட்டமாகப் பேச வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. படித்ததும் கிழித்துவிடவும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்படி கடிதத்தை வீட்டில் கொடுத்தேன். உங்கள் தங்கை படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் வருடம் நான் கால் ஒடிந்து கிடந்தபோது, தண்ணீர் ஊற்றப் போனவள் அவள்தானே.

"ஒரு வாரம் உங்களை விட்டு நகர முடியல. போய்ப் பார்த்தா ஒண்ணுதான் உசுரோட நின்னுச்சு. உங்க வேலை போயிடுமேன்னு அதுலேயே குச்சி வெட்டி எல்லாக் குழியிலயும் நட்டுட்டேன்" என்கிறாள். குச்சி துளிர்க்கும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது, அதே மரமாகவே வளரும் என்பது பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

நீங்கள் வர வேண்டாம், மச்சான். குச்சி நட்டது நான்தான் என்று திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். உங்கள் தங்கைக்கு இது தெரிய வேண்டாம். உறையை இந்தத் தரம் நானே ஒட்டுகிறேன்.