ஈ உட்காராத பர்கர்

"தனித்தனியா வச்சிருந்த ரெண்டு பர்கரை யாரு ஒரே தட்டுல வச்சது?"

டெல்பர்ட் கேட்டதும், செட்டைக் கூட்டித் துடைக்க வந்த உள்ளூர்க்காரி மாரிபெல் கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நான்தான் சார். மேஜை ஒரே தூசியா இருந்துச்சு."

டெல்பர்ட் குனிந்து தட்டை உற்றுப் பார்த்தான்.

பர்கர் கம்பெனி ஒன்று ஓர் ஊரையே தின்று தீர்த்த கதையைக் கொலராடோவில் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். மூடிக்கிடந்த பர்கர் கடைதான் செட். அதில் சாப்பாட்டுச் சாமானெல்லாம் டெல்பர்ட் பொறுப்பு. தட்டில் இருந்ததில் ஒன்று, பக்கத்து ஊர்க் கடையில் காலையில் வாங்கியது. கதாநாயகன் கடிப்பதற்கு. இன்னொன்று கேமராவுக்குக் காட்ட டெல்பர்ட் தன் கையால் செய்தது. கறிக்கு ஷூ பாலிஷ், பன்னுக்கு வார்னிஷ், சாஸுக்குப் பதில் பசை, சரியாமல் நிற்க உள்ளே பல்குச்சிகள். அச்சு அசலாகச் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கி, இப்போது செய்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

கடிக்க வேண்டிய கிளேட்டன் போன மாதம்தான் ஈரல் ஆபரேஷன் முடிந்து வந்தவர். ஒரு வாய் வார்னிஷ் உள்ளே போனால் மனுஷன் முடிந்தார்.

"பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடுமே சார்?" என்றாள் மாரிபெல்.

"பிரிச்சா என்னோடது குலைஞ்சிடும். அப்புறம் அந்தம்மா என்னைப் பிரிச்சுடும்."

அந்தம்மா என்றால் டைரக்டர் பெர்னடெட். வெளியே அவர் கத்துவது கேட்டது. "வெளிச்சம் போகுதுய்யா! பர்கர் எங்கே?"

மோந்து பார்க்கலாமென்றால், சுற்றிலும் மாட்டுப்பட்டி. அந்த ஊரில் யார் மூக்குக்கும் வேறு வாசனை எட்டாது. நக்கிப் பார்க்க டெல்பர்ட்டுக்குத் துணிச்சல் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தான். இடதுபக்கத்து பன் அமுங்கி அப்படியே கிடந்தது. வலதுபக்கத்தது, உள்ளே யாரோ மூச்சு இழுத்ததைப் போல மெதுவாக எழும்பி நின்றது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்த வேகத்தில் இரண்டு பன்னிலிருந்தும் எள் உதிர்ந்தது. பதறிப்போய் எள்ளைப் பொறுக்கிப் பழையபடி ஒட்டினான். ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: இப்போது நிஜ பர்கரிலும் பசை!

"எள்ளுக்கு அடியில கொஞ்சூண்டுதான், ஒண்ணும் பண்ணாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ஈயை விட்டுப் பாருங்க சார்," என்றாள் மாரிபெல். "கறி ஆலையில நாங்க அதை நம்பித்தான் இருக்கோம். கெட்டது எதுன்னு ஈக்குத் தெரியும். அப்புறம், ஷூட்டிங் முடிஞ்சதும் நிஜ பர்கர்ல மிச்சமிருந்தா என் பொண்ணுக்கு வேணும். நான் ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள தினமும் அதுதான் அவளுக்குச் சாப்பாடு."

தட்டைப் பின்வாசல் படியில் வைத்தார்கள். மாட்டுப்பட்டி ஈக்கள் ஊருக்கே போதும். இடதுபக்கத்து பர்கர் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துப்போனது. வலதுபக்கத்தில் ஒன்றுகூட உட்காரவில்லை. அருகே வந்தவையும் சட்டென்று திரும்பிப் பறந்தன. எறும்புச் சாரை அதைச் சுற்றி வளைந்து போயிற்று. தெருநாய் ஒன்று வந்து இடதுபக்கம் மோந்து வாலாட்டியது. வலதுபக்கம் மூக்கை நீட்டியதும் முதுகுமயிர் சிலிர்க்க, முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்து, ஓட்டம் பிடித்தது. காற்று நின்றிருந்தது. பட்டியில் ஒரு மாடும் கத்தவில்லை. மாரிபெல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டெல்பர்ட்டுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் உள்ளூரப் பெருமை. "பாத்தியா, என் கைவேலையை! நாய்கூட அண்டலை!"

இடதுபக்கத்து பர்கர் மேலிருந்த ஈக்களை ஊதி விரட்டி, கிளேட்டன் முன்னால் கொண்டுபோய் வைத்தான். துணை நடிகர்களாக வந்த ஊர்க்காரர்கள் மேஜைகளில் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளேட்டன் கடித்தார். மென்றார். கண்ணை மூடினார். ஓரத்தில் நீர் துளிர்த்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கிய சத்தம் டெல்பர்ட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கட்! பிரமாதம்!" என்று பெர்னடெட் கைதட்டினார்.

போன உயிர் திரும்பி வந்தது டெல்பர்ட்டுக்கு. பின்வாசலுக்குப் போய், ஈ உட்காராத பர்கரைப் பெட்டியில் பஞ்சு போட்டுப் பத்திரமாக வைத்தான். வருஷக்கணக்கில் கெடாது, வீட்டு அலமாரியில் வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மாரிபெல் ஓடிவந்தாள்.

"சார், ஒரு துணுக்குகூட மிச்சமில்லை! இவ்வளவு ருசியா சாப்பிட்டதே இல்லைன்னு கிளேட்டன் சார் இன்னொண்ணு கேக்குறாரு. உள்ள இருந்த பல்குச்சியை மட்டும் எடுத்துட்டுத் தருவீங்களாம்."