மொட்டக்கை அண்ணனுக்கு முடி முளைத்தபோது

எங்கள் மாசாய் ஊர் முழுக்கத் தேடினாலும், இடது கையில் ஒரு முடிகூட இல்லாத ஆண்பிள்ளை ஒருவர்தான் அகப்படுவார். எங்கள் அடுக்குமாடியில் அவருக்கு மொட்டக்கை அண்ணன் என்று பெயர். நிஜப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். லீவு நாளில் பால்கனியில் மரவேலை. ஆனால் மரத்தைத் தொடுவது அபூர்வம். உளியைத் தீட்டுவார், இடது கை முடியை மழித்துப் பார்ப்பார், திருப்தி வராது, மறுபடி தீட்டுவார். அவர் தொடங்கிய முக்காலி இன்னும் இரண்டு காலோடு சுவரில் சாய்ந்திருக்கிறது.

அவர் படியேறினால் பெண்கள் கத்தியை ஒளித்து வைப்பார்கள். மீன் கத்தியைக் கொடுத்தால் பேனாக்கத்தியாகத் திரும்பி வரும்.

அவரிடம் தீட்டுவதற்கென்று எண்ணெய்க் கல், தண்ணீர்க் கல், வைரத்தூள் பதித்த தகடு, கத்தியைக் கோணம் மாறாமல் பிடிக்கும் சட்டம் என்று நாலு இருந்தன. தண்ணீர்க் கல் குளியலறை வாளியில்தான் ஊறும். அது விட்ட சேற்றில் ஒருநாள் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, வழுக்கி விழுந்தார்.

“ஒன்னே ஒன்னுதான் இனிமே இந்த வீட்ல இருக்கும். மத்ததெல்லாம் வெளிய போகணும். இல்லன்னா நான் போறேன்!” என்றார், இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.

அண்ணன் என்னிடம் வந்தார். “தம்பி, நீதான் எதையும் பத்துத் தடவ யோசிப்ப. எத வெச்சுக்கலாம், சொல்லு.”

பரீட்சைக்குப் பயந்து படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். என்னைப் போய்த் தாள் திருத்தச் சொன்னால்?

சோதனை தொடங்கியது. இடது கையில்தான் முடி இல்லையே. எண்ணெய்க் கல்லுக்கு வலது கை, தண்ணீர்க் கல்லுக்கு வலது கால், தகட்டுக்கு இடது கால். சட்டத்தில் அகல உளி நிற்காது என்று சமையல் கத்தியைத் தீட்டினார். அதைப் பரீட்சிக்க இடமில்லை. என் கையைப் பார்த்தார்.

“அலமாக், அண்ணே! நான் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தன வருஷமாச்சுன்னே தெரியல!”

“முடியத்தானே எடுக்கப் போறேன், கையையா எடுக்கப் போறேன்?”

எடுத்தார். எல்லாமே வழித்தன. எண்ணெய்க் கல் மெதுவாக வேலை செய்யும். தண்ணீர்க் கல் வேகம், ஆனால் நடுவில் குழி விழும். தகட்டில் குழி விழாது, ஆனால் அலகில் கீறல் விடும். அண்ணன் நாலையும் வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஒன்ன வெச்சுக்கிட்டா மத்ததுக்குக் கஷ்டமா இருக்கும், தம்பி. எதுவுமே வேணாம் லா.”

எண்ணெய்க் கல் கோழிக்கடைக்குப் போனது. தகடு மேல்மாடிக்காரருக்கு, சட்டம் மச்சானுக்கு, தண்ணீர்க் கல் எனக்கு.

சில வாரம் கழித்து லிஃப்டில் அவரைப் பார்த்தேன். இடது கையில் கருகருவென்று முடி. சர்க்கரையா, இருதயமா என்று என்னென்னவோ நினைத்தேன். அக்காவைக் கேட்டேன்.

“ஆஸ்பத்திரில ஒன்னும் இல்லன்னுட்டாங்க. சும்மா பால்கனில உக்காந்திருக்காரு. சோறும் சரியா எறங்கல. தொல்ல ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன், இதுக்கு அதுவே தேவல தம்பி.”

வீட்டுக்கு வந்து எங்கள் கத்தியை எடுத்தேன். நன்றாகத்தான் வெட்டியது. மாடிப்படிக்குக் கொண்டுபோய், தக்காளிகூட வெட்டாத அளவுக்குச் சிமெண்டில் தேய்த்தேன். தண்ணீர்க் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.

“அண்ணே, கத்தி வெட்டவே மாட்டேங்குது. எனக்குத் தீட்ட வரல. கல்லு இங்கயே இருக்கட்டும்.”

அவர் கட்டைவிரலால் அலகைத் தடவினார்.

“சிமெண்டுல தேச்சியா?”

அக்கா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒன்னுதானே? ஒன்னு இருக்கலாம்னுதான் நானும் சொன்னேன்” என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தார்.

கத்தி அடுத்த வாரம் திரும்பி வந்தது, பாதி அகலத்தில். அண்ணனின் இடது கையைப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.