டபுள்பெல் அக்காவும் டிக்கெட் என்கிற நாயும்

மட்டாஞ்சேரியில் எதையும் நிறுத்த முடியாது. நடுரோட்டில் ராஜநடை போடும் ஆட்டை நிறுத்த முடியாது. ஆரம்பித்த மழையை நிறுத்த முடியாது. இஞ்சி மூட்டை ஏற்றிய லாரி பின்னால் வந்தால் நாம்தான் பல்லியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இத்தனையையும் ஒரே ஒரு ‘ணிங்’கில் நிறுத்திக் காட்டிய பிறவி ஒன்று உண்டென்றால் அது டபுள்பெல் அக்காதான். வேண்டுமானால் அந்தத் தெருவில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தும் தெரியாது. நகராட்சி வேலைக்கென்று எப்போதோ கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பள்ளுருத்தி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். ஒரு பெல் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். ரிட்டயரான பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு சைக்கிள் பெல்லை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மாடியில் குழாயை மூட மறந்தால் கீழேயிருந்து சிங்கிள் வரும். சோறு வெந்தால் டபுள். சாப்பிட அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் ஷார்ஜாவில். அக்கா தனக்குத்தானே டபுள் அடித்து, தானே எழுந்து போய்ச் சாப்பிடுவார்.

சிரிக்காதீர்கள். என் கதை அதைவிட மோசம். எனக்கு படகில் அக்கரைக்குப் போய், கொச்சி பிராட்வேயில் ஒரு பாத்திரக்கடையில் சூப்பர்வைசர் வேலை. பெண்டாட்டி பிள்ளைகள் தென்காசியில். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் ‘குக்கர் அஞ்சு லிட்டர்’ என்று சொல்லப்போனால் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும்.

இப்படி இருக்கும்போது, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகன் ஒரு நாயை அனுப்பிவைத்தான். ஏழு மாதத்து லாப்ரடார். வந்த அன்றைக்கே வாசலில் இருந்த செருப்பு, துடைப்பம், என் லுங்கி மூன்றையும் ருசி பார்த்துவிட்டது. அக்கா அதற்கு டிக்கெட் என்று பெயர் வைத்தார். “டிக்கெட்! டிக்கெட்!” என்று அவர் கத்தியபோது ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் பாக்கெட்டுக்குள் கை விட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அக்கா நாயை வாக்கிங் கூட்டிப் போனார் என்று சொன்னால் பொய். நாய்தான் அக்காவைக் கூட்டிப் போனது. யாரைக் கண்டாலும் பாய்ந்து தோளில் காலைப் போட்டு முகத்தை நக்கும். ஒருநாள் ஓர் ஆட்டைப் பார்த்துக் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்ததில் அக்கா இஞ்சி கோடவுன் வாசலில் குப்புற விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு.

நான் முந்திரிக்கொட்டை மாதிரி மகனுக்குப் போன் போட்டேன். பாவம், பதறிப்போய்விட்டான். “அண்ணா, ஓணத்துக்கு லீவுல வர்றேன். வந்ததும் அதை வைப்பின் தீவுல என் ஃபிரெண்டு வீட்டுல விட்டுடறேன். அம்மா விழுந்தா தூக்கக்கூட நான் பக்கத்துல இல்லையே” என்றான். எனக்கு விஷயம் வயிற்றில் தங்காது. அன்றைக்கே அக்காவிடம் கொட்டிவிட்டேன்.

இரண்டு நாள் பெல் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு சிங்கிள். இறங்கிப் போனேன்.

“நீயல்லே போன் போட்டது?”

“ஆமாக்கா. பயந்துபோய்ட்டேன்.”

“தம்பி, இவன் வர்றதுக்கு முந்தி நான் இந்த வீட்டுல யாருக்கு பெல் அடிச்சேன்? சொவத்துக்கு அடிச்சேன். இப்ப அடிச்சா ஒருத்தன் திரும்பிப் பாக்குறான். அவனக் கொண்டு போனா நான் எந்தா செய்ய?” கண் கலங்கியிருந்தது. உடனே குரலை மாற்றினார். “ஓணத்துக்கு ஒரு மாசம் உண்டு. அதுக்குள்ள இவனை மனுஷனாக்கணும். காட்டிக் கொடுத்தவன் நீ. அதனால நீதான் பாசஞ்சர்.”

அன்றைக்கே சர்வீஸ் ஆரம்பமானது. தோளில் பழைய கண்டக்டர் பை, அதற்குள் டிக்கெட் புத்தகத்துக்குப் பதில் வேகவைத்த கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள். கயிற்றின் கைப்பிடியில் சைக்கிள் பெல்லை முடுக்கியிருந்தார். கயிறு விறைத்தால் சிங்கிள். அக்கா நட்டுவைத்த கல்லாக நின்றுவிடுவார். நாய் இழுத்துப் பார்க்கும், குதிக்கும், ஊளையிடும். அக்கா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சலித்துப்போய் அது ஓர் அடி பின்னால் வந்து கயிறு தொய்ந்ததும் டபுள், வாயில் ஒரு கப்பை, நடை. மறுபடியும் இழுத்தால் மறுபடியும் சிங்கிள். வீட்டிலிருந்து சாயாக்கடை நாற்பது அடி. முதல்நாள் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆனது.

“சேச்சி, இது ஓர்டினரியோ, சூப்பர் ஃபாஸ்ட்டோ?” என்று கேட்டார் சாயாக்கடைக்காரர்.

“ஃபர்ஸ்ட் டிரிப்பு மோனே. எல்லா ஸ்டாப்பும் உண்டு.”

பாசஞ்சருக்குத்தான் நரக வேதனை. நான் எதிரே வர வேண்டும். நாய் மேலே பாய்ந்தால் நான் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். “ஃபுட்போர்டுல தொங்குறவனுக்கு டிக்கெட் கிடையாது! முகத்தைத் திருப்பு தம்பி!” நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் தடவிக்கொடுக்கலாம். அந்தத் தெருவில் எந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று இன்றைக்கும் நான் பார்க்காமல் சொல்வேன். நாலு சட்டை போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதம் முழுக்க நான் வேலை முடிந்ததும் ஆறு மணிப் படகைப் பிடிக்க ஜெட்டிக்கு ஓடினேன். கரையில் எனக்காக ஒருவர் காத்திருந்து எத்தனை காலமாயிற்று!

ஒரே ஒரு சங்கடம், நாய் எல்லாப் பெல்லுக்கும் கட்டுப்பட ஆரம்பித்தது. ஐஸ்காரர் மணியடித்தபடி வந்தால் நிற்கும், கிளம்பும், நிற்கும், கிளம்பும். “ஒண்ணும் ரெண்டும் நம்ம பஸ்ஸுக்கு உள்ளது. நீங்க அஞ்சஞ்சா அடிங்க” என்று அக்கா அவரோடு ஒப்பந்தம் போட்டார். மனுஷன் கடைசிவரைக்கும் அஞ்சஞ்சாகத்தான் அடித்தார்.

நாலாவது வாரத்தில் டிக்கெட் தங்கமாகிவிட்டது. கேட்டுப் பக்கம் போனால் ஒரு சிங்கிள், உட்காரும். டபுள் வந்தால்தான் தெருவில் கால் வைக்கும்.

மகன் வந்தான். நல்ல பையன். அம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்ததும் அவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. “மோனே, ஒரு தடவை நடத்திக் காட்றேன், பாரு” என்றார் அக்கா. “வேண்டாம்மா, இனி ஒருக்க விழுந்தா யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு, புதுக் கயிறு ஒன்றை நாயின் கழுத்தில் மாட்டினான். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பழக்கதோஷம்.

அக்கா பழைய கயிற்றிலிருந்து பெல்லை மட்டும் கழற்றி வலது கையில் வைத்துக்கொண்டார். நாய் கேட்டை நெருங்கியதும் ஒரு சிங்கிள் அடித்தார்.

டிக்கெட் உட்கார்ந்தது.

“வாடா” என்றான் மகன். வரவில்லை. பிஸ்கட்டை நீட்டினான். வரவில்லை. கை எட்டும் தூரத்தில் ஓர் ஆடு, கூடவே அதன் குட்டி என்று ஊர்வலம் போனது. நாயின் உடம்பெல்லாம் நடுங்கியதே தவிர எழுந்திருக்கவில்லை. அது அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “சேச்சி, டபுள் கொடுக்கு!” என்றார் ஆட்டோக்காரர். இஞ்சி மூட்டையைத் தலையில் வைத்தபடி கோடவுன் ஆட்களும் கத்தினார்கள்.

“அம்மா, டபுள் குடும்மா.”

அக்கா பெல்லில் கட்டைவிரலை வைத்தார். எடுத்துவிட்டார். “முடியலடா, கை வலிக்குது” என்றார். அது நல்ல கை.

மகன் அப்படியே நாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். “ஸ்கூல் விட்டா நான் உன் பஸ்ஸுலதானேம்மா வருவேன்” என்றான். “நான் ஏறி உக்கார்ற வரைக்கும் நீ டபுள் குடுத்ததே இல்ல. டிரைவர் எவ்வளவு திட்டுவாரு.” பிறகு கயிற்றைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோவைத் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகுதான் இரண்டு பெல் கேட்டது. டிக்கெட் வாலைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது. லீவு முடிந்து மகன் தனியாகத்தான் விமானம் ஏறினான்.

மறுவருஷம் முதலாளி என்னைத் திருநெல்வேலிக் கடைக்கு மாற்றினார். பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் பக்கம், சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். இரண்டு பெட்டியோடு அதே ஆட்டோவில் ஏறினேன். அக்கா கேட்டில் நின்றார், பக்கத்தில் டிக்கெட் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. “போய்ட்டு வா தம்பி, குழாயை மூடு” என்றார். அவ்வளவுதான். ஆட்டோ கிளம்பிப் பத்தடி போயிருக்கும்.

‘ணிங்.’

ஆட்டோக்காரர் சட்டென்று பிரேக் போட்டார். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கை பெல்லின் மேல் இருந்தது. ஆறு வருஷத்தில் அந்த ஊரில் என்னை யாரும் நில் என்று சொன்னதில்லை.

“போகாமோ சாரே?” என்றார் ஆட்டோக்காரர்.

“இருங்க சேட்டா” என்றேன். “இன்னும் டபுள் வரல.”