கேன் நிறைத்த காத்தமுத்து

கடல் கடந்தும் கவ்வாத்துக் கத்தியைக் கைவிடாத காவலனே, இலங்கையிலிருந்து இராமேசுவரத்தில் கப்பலிறங்கி, நீலகிரித் தேவாலாவின் ஓயா மழையில் குடியேறிய தேயிலைத் தோன்றலே, காத்தமுத்து எனும் பெயர்தாங்கிய வேங்கையே, வாழ்க! உன் பாதம் போற்றலாமென்றால், அவையோ இரண்டு மாதமாய்ப் பணியாரம்போல் வீங்கிக் கிடக்கின்றன.

அவ்வீக்கம் கண்ட எஸ்டேட் டாக்டர் திருவாய் மலர்ந்தார்: "கிட்னி கெட்டிருந்தா நாற்று மேடையில லேசான வேலை போடச் சொல்றேன். டெஸ்ட் எடுத்துட்டு வா." மலைச்சரிவில் நின்று நாள் முழுதும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் தளர்ந்த வீரனுக்கு, உட்கார்ந்து பார்க்கும் அந்த வேலை சொர்க்கத்தின் முன்வாசல். இப்போர் அதற்காகவே மூண்டது.

கூடலூர் ஆய்வுக்கூடத்து வேலுசாமி அவன் குருதியைக் குழாயில் கொண்டு, இரண்டு லிட்டர் வெண்கேன் ஒன்றைக் கையளித்து முழங்கினான்: "ஏனுங்க, நாளைக்குக் காலை வரைக்கும் ஒண்ணுக்குப் போறதை ஒரு சொட்டு விடாம இதுல புடிச்சுட்டு வாங்க."

குடித்தும் குந்தியும் முக்கியும் முனகியும் பகலெல்லாம் பொருத அப்பெருவீரன், பொழுது சாயக் கேனைத் தூக்கிப் பார்த்து வெதும்பினான். அடிப்பக்கம்தான் நனைந்திருந்தது.

அவன் மனைவி தெய்வம்மா இலங்கைத் தோட்டத்தில் பதினைந்து வருடம் கொழுந்து பறித்தவள். கூடையில் இறாத்தல் எடை குறைந்தால் முழுநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர், போடுவார்கள் என்பதை வயிற்றால் அறிந்தவள். கேனை ஏற இறங்க நோக்கி ஆணையிட்டாள்: "இதக் கொண்டுபோனா அரைப்பேருதான் போடுவாங்க. இங்க குடுங்க."

லயத்து வரிசைவீட்டின் பின்புறம் சென்றாள், வென்றாள், திரும்பினாள். அவள் தம்பி எல்லப்பனும், அவன் மனைவி அன்னக்கிளியும் துணைப்படையாய்த் திரண்டனர். கல்லைத் தின்றாலும் செரிக்கும் அம்மூவரின் கைங்கரியத்தால் விடியலுக்குள் கேன் கழுத்துவரை நிறைந்து பொன்னென மின்னிற்று.

பேருந்தில் அதை மேலே ஏற்றச் சொன்ன கண்டக்டரிடம் வீரன் முழங்கினான்: "சிந்துனா எம் பொழப்பு போச்சுங்கய்யா. மடியிலதான் இருக்கும்." பக்கத்து இருக்கைக்காரர் நெய்யா என்று வினவி, மூடியருகே மூக்கைக் கொண்டுபோய், கூடலூர்வரை நின்றுகொண்டே வந்தார்.

வேலுசாமி அளந்தான். அது யாருடையது என்று கேட்கவில்லை; அப்படிக் கேட்க எவனுக்குத் தோன்றும்? கேனில் வெளியேறிய கழிவை, ரத்தத்தில் தங்கிய கழிவோடு கணக்கிட்டான். நால்வர் சிறுநீரகங்கள் கூடி வடித்ததெல்லாம் ஒருவன் பெயரில் ஏறியது. இளங்காளைக்கும் வாய்க்காத எண் வந்தது.

அந்த எண் ஏறிய தாளை எஸ்டேட் டாக்டர் ஒரு கையில் பிடித்தார். மறுகைக் கட்டைவிரலால் காத்தமுத்துவின் காலை அமுக்கினார். விழுந்த குழி மேலெழவில்லை. குழியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தாளையே நம்பினார். இந்த இடத்தில் காவியம் பாடுகிறவனுக்கே வயிறெரிகிறது.

"உன் கிட்னி என் கிட்னியவிட நல்லாருக்கு. வேலைக்குப் பயந்து வேஷம் போடாதே" என்று தீர்ப்பு ஒலித்தது. கூடவே வந்து எதிர்த்துப் பேச வாயெடுத்த தெய்வம்மா, கேன் நினைவுக்கு வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அளவு குறையாமல் அளந்து கொடுத்த அறச்செல்வன், அணைகடந்த வெள்ளத்தின் அதிபதி, நால்வர் நீர் சுமந்த நாயகன் எழுந்தான். செருப்பு நுழையாத கால்களோடு வெளியே நடந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கவ்வாத்து வேலைக்குப் போனான்.