வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும்

ஸத்யபாமா பெட்டியுடன் தெருமுனையைக் கடந்தபோது அவளுடைய கணவர் வெங்கட்ரமணன் வாசற்கதவுக்கு உட்புறமே நின்றார். ஒரு காலை வெளியே வைத்தாலும் விதிமீறல்.

மாடி அறையை நாள்வாடகைக்கு விடுபவர், விருந்தினர் தங்கியிருக்கும்வரை அவ்வீட்டை விட்டு நீங்கலாகாது என்பது திருவள்ளூரின் புதிய விதி. சென்ற வாரம் அவர் பால் வாங்கப் போயிருந்தபோது ஆய்வாளர் வந்துவிட்டார். மறுமுறையும் இப்படி நேர்ந்தால் வீட்டுக்கே பூட்டும் முத்திரையும்.

"என் ஆத்துல நானே மெல்லப் பேசணுமா? அவன் போனப்புறம் கூப்பிடுங்கோ" என்றதோடு ஸத்யபாமா பேச்சை முடித்திருந்தாள். போகுமிடத்தைச் சொல்லவில்லை.

'அவன்' எனப்பட்ட ஜெரால்ட், காக்களூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளர். மூன்று நாளைக்கு வந்தவர். அவர் தங்கலை நீட்டித்தால், அதை மறுக்கும் பொத்தான் கைப்பேசிச் செயலியில் எங்கே இருக்கிறது என்பது ஸத்யபாமாவுக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே, ஜெரால்ட் தாமாகவே வெறுத்துப் போகும்படி வெங்கட்ரமணன் தம் கையாலேயே காபி போட்டார்.

"கம்பெனி கேன்டீன் காபி மாதிரியே கீது சார்" என்று நெகிழ்ந்து ஜெரால்ட் இரண்டு நாள் நீட்டித்தார்.

மறுநாள் விடியுமுன் வெங்கட்ரமணன் மாடிப்படியில் அமர்ந்து உரத்த குரலில் பாசுரம் சேவித்தார். ஷிஃப்டுக்கு இனி அலாரமே தேவையில்லை என்று மகிழ்ந்து ஜெரால்ட் ஒரு வாரம் நீட்டித்தார்.

வெங்கட்ரமணன் ஸத்யபாமாவைக் கைப்பேசியில் அழைத்தார். "அவன் போயாச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் இணைப்பைத் துண்டித்தாள்.

இறுதியில் அவர் ஜெரால்டிடம் உண்மையையே சொன்னார். மனைவி போய்விட்டாள்; தேடிப்போக விதி இடம் தரவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். நானும் போவத்தான் பாக்கறேன். திருநின்றவூர்ல நம்ம ஃப்ளாட்டை வாடகைக்கு உட்டுட்டுதான் இங்க கீறேன். அந்த ஊர்ல இந்த ரூலு இல்ல. வந்த அம்மா காலி பண்ணாம தள்ளிக்கினே போவுது. அதுவரைக்கும் நான் எங்க போறது? அந்தக் காபி நல்லா கீதுன்னுகூட சும்மாதான் சொன்னேன்."

கடைசி வாக்கியம் வெங்கட்ரமணனைத் தனியாகப் புண்படுத்தியது. ஆயினும் வழி திறந்துவிட்டது.

"அடுத்தவா ஆத்துல இப்படியா உக்காந்துப்பா? வெட்கம் வேண்டாமோ? இன்னிக்கே கிளப்புங்கோ. தாட்சண்யமே பாக்கப்படாது."

ஜெரால்ட், தம் ஃப்ளாட்டின் சாவி முதல் வாடகைவரை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் கீழ்வீட்டு ரோசம்மாளை அழைத்து, இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தி, அந்த அம்மாவை இன்றே காலி பண்ணச் சொல்லும்படி கேட்டார்.

"நேத்தே கேட்டுட்டேன் தம்பி," என்றாள் ரோசம்மாள். "அந்த அம்மாவுக்குத் திருவள்ளூராம். அவங்க ஊட்டு மாடியில எவனோ ஒருத்தன் வந்து குந்திகினு கீறானாம். அவன் காலி பண்ணாத்தான் இவங்க காலி பண்ணுவாங்களாம்."