பீப்பி மேஸ்திரியும் பதினெட்டு நிமிசமும்

உலகத்திலேயே ஜாஸ் இசையைக் கொண்டு காப்பிக்கொட்டை காயவைத்த ஒரே மனிதர் பீப்பி மேஸ்திரிதான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். படிப்பேன், ஆனால் நம்பமாட்டேன்.

சேர்வராயன் மலையில், மாரமங்கலம் போகிற சாலையில் ஓர் எஸ்டேட்டில் காப்பிக் களத்துக்கு மேஸ்திரி அவர். உண்மைப் பெயர் ஏதோ ஒரு சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். மலையில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை.

நான் சேலத்தில் குடியிருக்கும் ஒரு நடுத்தர வயதுப் பைத்தியம். பைத்தியம் பழைய இசைத்தட்டு மேல், அதிலும் ஹார்ட் பாப் மேல். ஐம்பது அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்த ஜாஸ் அது. டிரம் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். சாக்சபோனும் டிரம்பெட்டும் மாமன் மச்சான் மாதிரி மாறி மாறி வம்புக்கு இழுக்கும். பேர் பெற்ற தட்டுகள் எல்லோரிடமும் உண்டு. நான் தேடுவது வந்த வேகத்தில் மறக்கப்பட்டவற்றை. "மறந்துட்டாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குமுங்க" என்பது என் மனைவியின் கருத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகு வாங்க மாரமங்கலம் போய்க்கொண்டிருந்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து டெனர் சாக்சபோன் கேட்டது. நான் பிரேக் போட்ட விதத்துக்கு, பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் சொன்ன வார்த்தைகள் இந்தப் பத்திரிகைக்கு ஆகாது.

இறங்கி ஓடினேன். களத்தில் ஆறு பெண்கள் பலகையால் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் வாசலில் ஒரு பழைய பிளேயரும் ஒலிப்பெட்டியும் இருந்தன. பக்கத்தில் குரங்குக் குல்லாயும் காக்கி அரை டிராயருமாக, கிளறு பலகையை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு ஒருவர். வாசிப்பது யார் என்று கேட்டேன்.

"அதுங்களா? பதினெட்டு நிமிசமுங்க" என்றார்.

களத்துக் கடிகாரம் நின்றுபோன ஒரு வருடம், பழைய துரை பங்களாவில் விட்டுப்போன பிளேயரையும் ஒரு பெட்டித் தட்டுகளையும் மேஸ்திரி களத்துக்குத் தூக்கி வந்திருக்கிறார். தட்டு ஒரு பக்கம் முடிந்தால் கொட்டையைக் கிளறவேண்டும். தட்டைத் திருப்பினால் கொட்டையையும் திருப்பவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒவ்வொரு தட்டுக்கும் அது ஓடுகிற நேரமே பெயர். கீறல் விழுந்த ஒன்றுக்கு மட்டும் 'இருமல்' என்று பெயர். பனிமூட்டமாக மஞ்சு இறங்கி வெயிலை மூடினால் ஊசியைத் தூக்கிவிடுவார். "மஞ்சு வந்திருச்சு. நேரம் நிக்கட்டும்" என்பார். ஆறு பெண்களும் அப்படியே உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். மஞ்சு விலகினால் விட்ட இடத்தில் ஊசி இறங்கும். காயாத நேரம் அவர் கணக்கில் நேரமே இல்லை.

சினிமாப் பாட்டு வைக்கலாமே என்று கேட்டேன்.

"வெச்சுப் பாத்தனுங்க. பொம்பளைங்க பலகையப் புடிச்சுக்கிட்டு அழுவ ஆரம்பிச்சுட்டாங்க. கொட்டை ஒரு பக்கமாக் காஞ்சு போச்சு. இந்தப் பீப்பிய வெச்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாதுங்க. கை பாட்டுக்கு வேலையப் பாக்கும்."

பதினெட்டு நிமிசத்தின் உறையில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சமிருந்த எழுத்துகளைப் படம் எடுத்துச் சென்னையில் இதே நோய் உள்ள நண்பருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் தேடிவிட்டு, அப்படி ஒரு தட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை, இணையத்தில் எங்கும் யாரும் ஏற்றி வைக்கவுமில்லை, உடனே கொண்டுவா, பிரதி எடுத்துவிடலாம் என்றார். உலகத்திலேயே ஒரே ஒரு தட்டு! எனக்குக் காய்ச்சலே வந்தது.

மேஸ்திரி லேசில் தரவில்லை. களம் காலியான பிறகு, பழைய துண்டில் சுற்றி, பிள்ளையைக் கொடுப்பது போலக் கொடுத்தார். "அடுத்த கொட்டைக் காய்ச்சலுக்குள்ள வந்துரணுமுங்க. எனக்கு நொம்பப் பழகின நேரமுங்க அது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? காரின் பின்கண்ணாடி ஓரம் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக அடிவாரம் வரை இறக்கினேன். அங்கே பசித்தது. மேலே ஸ்வெட்டர் போட்டிருந்த மனுசனுக்குக் கீழே சேலத்து வெயில் என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை. நான்கு போண்டா. அரை மணி நேரம்.

வீட்டில் துண்டைப் பிரித்தபோது மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அப்பளத்த எதுக்கு துண்டுல சுத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

கண்ணாடிக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். கல்லின் மேல் நானும் ஏறி உட்கார்ந்தேன். உள்பக்கம் ஓரளவு சரியானது. வெளி ஓரத்தில் அலை அடித்துக்கொண்டே இருந்தது. முதல் பாட்டில் ஊசி நிற்கவில்லை, தவளை மாதிரி தாவி ஓடியது. நான்கு நிமிடம். அமெரிக்காவில் யாரோ ஐந்து பேர் வியர்க்க வியர்க்க வாசித்து, உலகம் மறந்து, கறையான் மன்னித்து, சேர்வராயன் மலை காப்பாற்றி வைத்த நான்கு நிமிடத்தை நான் போண்டாவோடு சேர்த்துத் தின்றுவிட்டேன். சென்னை நண்பர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானே என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

காய்ச்சல் காலம் வந்தது. மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு பொய் தயார் செய்துகொண்டே ஏறினேன். ஐந்தாவதில் திருடன், ஒன்பதாவதில் குரங்கு. பதினாறாவதில் நானே செத்துப்போயிருந்தேன், செய்தியை மனைவி சொல்லவேண்டியது. இருபதாவது முடிந்தபோது கையில் ஒரு பொய்கூட மிச்சமில்லை.

மேஸ்திரி தட்டை வாங்கி, பலகையின் கோணல் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அடிவாரத்துலயா நிறுத்துனீங்க?"

"ஆமாங்க."

"வெயில்லயா?"

"ஆமாங்க."

"காப்பியா இருந்தா நானே வெயில்ல வைங்கன்னு சொல்லியிருப்பனுங்க" என்றார்.

மூன்று முறை ஊசியை வைத்தார். மூன்று முறையும் தாவியது. நான் அழுவதற்குத் தோதாக ஒரு சாக்கு மூட்டை தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், ஆரம்பித்தார்.

முதலில் டிரம். நாக்கால், பல்லால், இன்னொரு கை விரலால் ஸ்டோர் கதவில். பிறகு வாயைக் கோணி டிரம்பெட். பிறகு வயிற்றிலிருந்து அந்த டெனர் சாக்சபோன், மூச்சு வாங்குகிற இடம் முதற்கொண்டு. பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் முடிந்த நொடியில் இரண்டாம் பாட்டின் தொடக்கத்தில் ஊசியை வைத்தார். ஒரு தாளம் தப்பவில்லை.

"மேஸ்திரி, இதெல்லாம் ஒண்ணும் புரியலைன்னீங்களே?"

"புரியலதானுங்க. நேரம் பாக்கத்தான் வெச்சேன். காது சும்மா கெடக்குமுங்களா?"

அந்தப் பருவம் முழுக்கப் பதினெட்டு நிமிசம் அப்படித்தான் ஓடியது. அதற்கடுத்த பருவம் வரவில்லை. எஸ்டேட் கைமாறி விடுதியானது. களத்தில் இப்போது விடுதிக்கு வருகிறவர்களின் கார்கள் காய்கின்றன. தட்டுகளை எல்லாம் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அழகுக்காக ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அத்தனையிலும் நடுவில் ஓட்டையும் கூடுதலாக இரண்டு ஆணித் துளையும். நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். சூப் ஆறிப்போனது, எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அவர்கள் வேண்டாம் என்று தள்ளினார்கள். சுவரில் படியாமல் நெளிந்து நின்றதாம்.

அதைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மேஸ்திரி குப்பனூரில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஞாயிறு காலையில் நான் போன் போடுவேன். தட்டைச் சுழலவிட்டு, ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். அவர் நான்கு நிமிடம் போனில் வாசிப்பார், அதன்பின் நான் ஊசியை வைப்பேன். இருவரும் மிச்சத்தைக் கேட்போம். என் மனைவி இப்போதெல்லாம் காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறாள்.

சில மாதங்களாக அவருக்கு நெஞ்சில் சளி. போன வாரம் சாக்சபோன் வருகிற இடத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். இருமினார்.

"விட்டுப் போச்சுங்க. நீங்க ஊசிய வெச்சுருங்க" என்றார்.

நான் வைக்கவில்லை.

"மஞ்சு வந்திருச்சுங்க மேஸ்திரி" என்றேன். "நேரம் நிக்கட்டும்."