ஏழாம் வகுப்பில் டிங்கிள்

ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் அதை மனதுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. நாலு பேருக்கு விளக்கக் கிளம்பினால்தான் வம்பு. எனக்கு இது உறைத்த இடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு.

இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலையை நம்பி ஒரு கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. திருவானைக்காவலில் வைதேகியைப் பெண் பார்த்திருந்தோம். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (அப்படித்தான் அவள் தம்பி சொன்னான்). அவள் அப்பா மட்டும், "வேலை கிடைக்கட்டுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பாடத்தில் 'டிங்கிள்' என்று ஒரு வார்த்தை வந்தது. சின்ன மணி மெல்லக் கிணுகிணுப்பது. வேறு எந்த வாத்தியாரும் இதை வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். நான் காதால் கேட்க வைத்தே புரியவைப்பேன் என்று தீர்மானித்தேன். சாவிக்கொத்து குலுங்கினால் ஜிங்கிள், பூஜை மணி ஆடினால் டிங்கிள். உறையூர் வீட்டிலிருந்து பித்தளை மணியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியையும், நெற்றி நிறையத் திருமண்ணோடு, பள்ளிக்கூடத்தை நடத்தும் கரெஸ்பாண்டென்ட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் பூஜை முடியாததால் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார், சீக்கிரம் முடியுங்கள் என்று தலைமை ஆசிரியை முன்பே எச்சரித்திருந்தார்.

போர்டில் இரண்டு வார்த்தைகளையும் எழுதினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நன்றாகத்தான் போனது. பிறகு மணியை எடுத்து ஆட்டினேன்.

கரெஸ்பாண்டென்ட் சட்டென்று எழுந்து, கண்ணை மூடிக் கைகூப்பினார். அவர் எழுந்ததால் தலைமை ஆசிரியை எழுந்தார். அவர் எழுந்ததால் வகுப்பே எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மூளையுள்ளவன் அப்போதே மணியை மேசைமேல் வைத்திருப்பான். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து மணியடிக்கிற உத்தியோகம் என்னுடையது. கற்பூரம் அணைகிற வரைக்கும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் முதுகில் விழும். இங்கே கற்பூரமே இல்லை. எதைப் பார்த்து நிறுத்துவது? கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று கும்பிட்டார்.

ஒருவழியாகக் கரெஸ்பாண்டென்ட் கண்ணைத் திறந்தார். வலது உள்ளங்கையைக் குழித்து என்னிடம் நீட்டினார்.

"தீர்த்தம் சாதிக்கலையா?" (தரவில்லையா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள்.)

பையிலிருந்த வாட்டர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அவர் பயபக்தியோடு குடித்துவிட்டு மீதியைத் தலையில் தடவிக்கொண்டார். பின்னாலேயே வகுப்பு முழுவதும் வரிசையில் வந்தது.

பாட்டில் காலியானதும் தலைமை ஆசிரியை போர்டைக் காட்டி, முன்வரிசைப் பெண்ணிடம் டிங்கிள் என்றால் என்ன என்று கேட்டார்.

"சாமி கும்பிடறது, மிஸ்."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வேலை போனதைவிட வைதேகி கிடைக்கமாட்டாள் என்பதில்தான் அழுகை வந்தது. மறுவாரம் அவள் அப்பாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கரெஸ்பாண்டென்ட் அவருக்குப் பழக்கமாம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமான் கிடைப்பானா, வேலை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும், பையனை விட்டுவிடாதேயும் என்று சொல்லியிருக்கிறார். தட்டு மாற்றிக்கொண்டோம். வேலையும் பிற்பாடு கைலாசபுரத்தில் கிடைத்தது.

தேர் பார்க்கவும் புளியோதரை வாங்கவும் மட்டுமே கோயிலுக்குப் போகிறவன் நான். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? அவர் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மாப்பிள்ளை நான் பூஜையை முடிக்கிற வரைக்கும் அவர் காபிகூடத் தொடமாட்டார். அதனால் லீவு நாளிலும் நான் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தாக வேண்டும். கொஞ்சம் அசந்து தூங்கினால் என் மகள் வந்து போர்வையை இழுக்கிறாள்.

"அப்பா, போய் டிங்கிள் பண்ணுங்க. தாத்தாவுக்குப் பசிக்குதாம்."